திரும்பி நிற்கும் அன்னம்

"ஒரே ஒரு அன்னத்த மட்டும் திருப்பி உட்டா என்னமா ஆவும்?"

"உங்கப்பா உன்னைத் திருப்பி உடுவாரு."

"இல்லமா, நெஜமாத்தான் கேக்கறேன். எல்லாம் ஒரே பக்கமா போய்க்கினே இருக்குதுங்களே. ஒண்ணுக்காவது, பின்னாடி யாரு வர்றாங்கன்னு பாக்கத் தோணாதா?"

"அதுங்களுக்கு என்ன வூடா வாசலா, உட்டுட்டு வந்தத நெனைச்சிப் பாக்க? பேசாம நம்பர் பாத்துக் கோத்துக்கினு வா."

காவேரி சிரித்தாள். மடி நிறைய அட்டைகள், பல்லிடுக்கில் நூல். வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் பரணில் கிடந்த நீல முறுக்கு நூலை எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் இந்திராணி ஒரு பாட்டம் திட்டியிருந்தாள்.

இந்தப் பேச்சு இந்திராணிக்கு அப்படியே நினைவிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு, யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் காவேரி வீட்டை விட்டுப் போய்விட்டதால் இது மட்டும் தங்கிவிட்டது போலிருக்கிறது.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டில் கணவர் குமாரவேல் நெய்வார், இந்திராணியும் மகளும் அட்டை கோப்பார்கள். புடவைக் கரையில் வர வேண்டிய பூவும் பறவையும் முதலில் கட்டம் போட்ட தாளில் படமாக இருக்கும். அட்டை அடிக்கிற முனுசாமி அதைப் பார்த்து நீளமான அட்டைகளில் துளை அடித்துக் கொடுப்பார். அந்த அட்டைகளை எண் வரிசையில் நூலால் கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாலை போலத் தொங்கவிட வேண்டும். குமாரவேல் மிதியை மிதிக்க மிதிக்க அட்டைகள் ஒவ்வொன்றாக நகரும். கீழே பட்டில் அன்னத்தின் அலகு முதலில் வரும், பிறகு கழுத்து, உடம்பு, கடைசியில் வால். இரண்டு அன்னங்களுக்கு நடுவே ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பூ வருகிற கரை அது. அதனால் மாலை ரொம்ப நீளம், கோப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

ஓர் அன்னத்துக்கு உரிய அட்டைகளை மட்டும் வரிசை மாற்றி, கடைசியை முதலாகக் கோத்துவிட்டால் வால் முதலில் வரும், அலகு கடைசியில் வரும். அந்த அன்னம் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். கோக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கை தவறி அட்டைக் கட்டு கீழே விழுந்தால் அப்படி ஆவதும் உண்டு.

காவேரி போனது ஜோசுவாவோடு. கேபிள் இணைப்புக் கொடுக்க வீட்டுக்கு வந்த பையன். நாலு தெரு தள்ளிக் காலனியில் வீடு, ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சு. பதிவுத் திருமணம் முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். சொந்தக்காரர்கள் கூடத்தில் வந்து நிறைந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பேச்சு. தலைமுழுகிவிட்டு வேலையைப் பார் என்று குமாரவேலின் அண்ணன் சொன்னார். குமாரவேல் எழுந்து பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"அவ பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவளுடைய துணிமணி, கொலுசு டப்பா, கல்லூரிப் புத்தகங்கள், சுவரில் மாட்டியிருந்த போட்டோ எல்லாவற்றையும் யார் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். இந்திராணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு குமாரவேல் நெய்து முடித்த முதல் புடவையை மடிக்க உட்கார்ந்தபோதுதான் அவள் பார்த்தாள். அரக்கு நிறக் கரையில் ஜரிகை அன்னங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் திரும்பி நின்று, பின்னால் வருகிற அன்னத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. இந்திராணி அதை விரலால் தொட்டாள். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

காவேரி வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள். கட்டுக் கீழே விழவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்திராணிக்குத் தெரியும்.

மகள் கைபட்டதென்று அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். குமாரவேலுக்குத் தெரிந்தால் அரை மணி நேர வேலை, பிரித்துச் சரியாகக் கோத்துவிடுவார். அதனால் இந்திராணி அவரிடம் சொல்லவில்லை. நெய்கிறவருக்குக் கண்ணெல்லாம் இழையில் இருக்கும், முழு உருவத்தையும் மடிக்கிறவள்தான் பார்ப்பாள் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு புடவையையும் மடிக்கும்போது அந்த அன்னம் உள்மடிப்பில் போகிற மாதிரிப் பார்த்து மடித்தாள். கடையில் வாங்கிப் பார்க்கிறவர்களும் கண்டுபிடிக்கவில்லை. கல்யாணப் பெண்கள் அதைக் கட்டிக்கொண்டு எங்கெங்கோ போனார்கள்.

பெருமழை பெய்த வருஷம் கூரை ஒழுகித் தறிமேல் தண்ணீர் கொட்டியது. அப்போது இந்திராணி ஆரணியில் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள், பஸ் ஓடவில்லை. திரும்பி வந்தபோது அட்டையெல்லாம் ஊறிப்போய், முனுசாமி புதிதாக அடித்துக் கோத்துக் கொடுத்து, குமாரவேல் அதைத் தறியில் ஏற்றியும் விட்டிருந்தார். முனுசாமி கைக்கு வந்தால் எல்லா அன்னமும் ஒழுங்காகிவிடும். அந்தப் புடவை வளர வளர, காபி கொடுக்கிற சாக்கில் தறிப் பக்கம் போய்ப் போய்ப் பார்த்தாள். ஒருநாள் கரையில் வால் முதலில் வந்தது. முனுசாமி பழைய அட்டையைப் பார்த்துத் தப்பையும் சேர்த்தே அடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் குமரகோட்டம் முருகன் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தாள். எதற்கு என்று குமாரவேல் கேட்கவில்லை.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது காவேரி இறந்துபோனாள்.

ஜோசுவாவின் அம்மா கங்கையம்மாள்தான் ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. முந்தாநாள் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டதாம். பிளாஸ்டிக் சுற்றி வாலாஜாபாத் போகிற ரோட்டில் இருக்கும் அவர்கள் சபைக் கல்லறையில் அடக்கம் செய்தார்களாம். கட்டினவனைக்கூடக் கிட்டே விடவில்லையாம். கங்கையம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வரிசை நகர்ந்தது. இந்திராணி சர்க்கரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தறியில் நெய்யப் பாவு நூல் இல்லை, புடவை வாங்கும் கடை மூடியிருந்தது. ஆனாலும் குமாரவேல் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"காவேரி செத்துட்டா" என்றாள் இந்திராணி.

பல வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டது அப்படித்தான். குமாரவேல் மேலே ஏறி வந்தார். அவளைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார். தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு தடவை தலைமுழுகினவளுக்கு இன்னொரு தடவை யாரும் முழுகுவதில்லை. இந்திராணிக்கு அது புரிந்தது. ஆனால் ஈரத் தலையோடு திரும்பி வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, கிருத்திகை தோறும் குமரகோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இந்திராணி வாலாஜாபாத் பஸ் ஏறுவாள். கல்லறை மேட்டில் புல்லைப் பிடுங்கி, கங்கையம்மாள் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு விபூதிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து கணவரிடம் நீட்டுவாள். அவரும் வாங்கி நெற்றியில் பூசிக்கொள்வார்.

அவள் கிளம்புகிற நேரம் பார்த்து அவர் வாசல்படிவரை வருவார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி நிற்பார். கடைசியில், "கொட எடுத்துக்கினியா?" என்பார். மழையே இல்லாத மாதத்திலும் அதைத்தான் கேட்பார். எடுத்துக்கொண்டேன் என்று அவள் சொன்னதும் உள்ளே போய்விடுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. போன மாசிக்குப் பிறகு ஒரு நாள் காலையில் மயில்வாகனம் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் இவர்களிடம் புடவை வாங்கும் ஜவுளிக்கடையின் ஆள். வாய் ஓயாது.

"அண்ணி, உங்க வூட்டு அன்னம் அமெரிக்கா வரைக்கும் போயிடுச்சி. நீங்க இன்னும் சின்ன காஞ்சிபுரத்தத் தாண்டல" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் அகிலா. சென்னையில் விளம்பர கம்பெனியில் வேலை. இன்ஸ்டாகிராமில் 'கண்ணுல பட்டது' என்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். யாரும் கவனிக்காத விநோதங்களைத் தேடிப் படம் பிடித்துப் போடுவதுதான் அதில் வேலை. லாரியின் பின்னால் வரைந்த, மூக்குக்கண்ணாடி போட்ட மான், கல்யாண மண்டபத்து வாசல் பொம்மை கையில் கட்டியிருக்கும் வாட்ச், பழைய தீப்பெட்டிப் படத்தில் ஐந்து கால் பூனை. பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்திராணிக்குப் பூனையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அகிலாவும் சேர்ந்து சிரித்தாள். காவேரி இருந்தால் இவளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் இந்திராணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதப் பாருங்கம்மா. இது எங்க அக்கா கல்யாணப் புடவை" என்று அகிலா அடுத்த படத்தைத் தள்ளினாள்.

அரக்குக் கரை. வரிசையாகப் போகிற அன்னங்கள். நடுவில் திரும்பி நிற்கிற ஒன்று.

ஒரு சீமந்தத்தில் போரடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அக்காவின் காலடியில் இதைப் பார்த்தாளாம் அகிலா. உங்கள் வீட்டுப் பட்டுப்புடவையிலும் இருக்கிறதா பாருங்கள் என்று எழுதிப் போட்டாளாம். அவ்வளவுதான், ஊர் ஊராகப் பெண்கள் பீரோவைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கோயம்புத்தூர், சிங்கப்பூர், துபாய். ஒருத்தி திருமண ஆல்பத்தைப் பெரிதாக்கிக் கண்டுபிடித்திருந்தாள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். திருஷ்டிக்காக விட்டது என்றார்கள் சிலர். ஏதோ ரகசியக் குறி என்றான் ஒருவன். அந்த அன்னத்துக்கு போன் வந்திருக்கிறது, டவர் கிடைக்காமல் திரும்பி நிற்கிறது என்று ஒருத்தர் எழுதியிருந்ததற்குத்தான் நிறைய லைக்.

அகிலா படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு தரை, வேறு வேறு கால் விரல்கள், மெட்டிகள், மருதாணி. எல்லாவற்றிலும் காவேரியின் அன்னம். இந்திராணி ஒரு படத்தைத் தொடப் போனாள், அது நழுவி அடுத்தது வந்துவிட்டது.

"இன்னொரு தபா அதக் காட்டும்மா" என்றாள். அகிலா காட்டினாள். இந்திராணி அழுவதைப் பார்த்ததும் அகிலாவின் கை அப்படியே நின்றது.

மயில்வாகனம் வாசலில் யாரோடோ போன் பேசப் போயிருந்தார். இந்திராணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அட்டை கோத்தது தன் மகள் என்றும், அவள் இப்போது இல்லை என்றும், இது தன் கணவருக்குத் தெரியாது என்றும் சொன்னாள். சொல்லும்போதே தலைவாசலைப் பார்த்துக்கொண்டாள். குமாரவேல் ஜரிகை வாங்க நெசவாளர் சொசைட்டிக்குப் போயிருந்தார்.

"அவருகிட்ட இதக் காட்டிடாதம்மா. பாத்தார்னா திருத்திடுவாரு. எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்குது."

அகிலா போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "காட்ட மாட்டேம்மா. எந்தத் தறின்னும் எழுத மாட்டேன்" என்றாள்.

ஆனால் மயில்வாகனத்தின் வாயை யார் கட்டுவது? குமாரவேல் சைக்கிளை வாசலில் சாய்த்து நிறுத்துவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். அன்னம் ஒன்று திரும்பியிருப்பது, ஊரே அதைத் தேடுவது, கடையில் அதே புடவைதான் வேண்டும் என்று வந்து நிற்பது எல்லாவற்றையும் கொட்டினார். உள்ளே இந்திராணி எழுந்து நின்றாள். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

குமாரவேல் ஜரிகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அகிலா கைகூப்பினாள். அவரும் தலையாட்டினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இன்னொரு வேடிக்கை கேளுங்கண்ணே" என்றார் மயில்வாகனம், பின்னாலேயே வந்து. "நேத்து முனுசாமிகிட்ட கேட்டேன். இன்னாய்யா, இப்படித் தப்பா அடிச்சி வச்சிருக்கேன்னு. மனுசன் சண்டைக்கு வந்துட்டாரு. மழையில பழைய அட்டை ஊறிப் போச்சில்ல, அப்ப புதுசா அடிச்சப்பவே அந்த ஒண்ணு திரும்பி இருக்கறதப் பாத்துட்டாராம். நேர் பண்ணி, ஒழுங்கா நம்பர் போட்டு, கோத்தே குடுத்தாராம். எங்கைய உட்டுப் போறப்ப எல்லா அன்னமும் ஒழுங்காத்தான் போச்சி, அப்புறம் எப்படித் திரும்பிச்சின்னு எனக்குத் தெரியாதுன்றாரு. மாலையில இருக்கற அட்டை தானா திரும்புமாண்ணே?"

இந்திராணி கணவரைப் பார்த்தாள். அவர் ஜரிகைப் பெட்டியைக் கீழே வைத்து, அதன் மூடியை அழுத்தி அழுத்திச் சரிசெய்துகொண்டிருந்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் மூடியிருந்தது.

அகிலாதான் முதலில் எழுந்தாள். நேரமாகிவிட்டது, கோயில் சாத்துவதற்குள் போக வேண்டும் என்று மயில்வாகனத்தைக் கிளப்பினாள். அவர் காபி வரும் என்று எதிர்பார்த்தவர், புரியாமல் செருப்பைத் தேடினார். வாசலில் அகிலா இந்திராணியின் கையை ஒரு முறை பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு இந்திராணி கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள். குமாரவேல் தறிக்குழி விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். நெய்யத் தொடங்கவில்லை.

"நீங்களா?" என்றாள்.

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ஜக்கார்டு பெட்டியிலிருந்து அட்டை மாலை மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

"அட்டைதான் ஊறிப் போச்சி. நூலு நல்லாத்தான் இருந்திச்சி" என்றார். "உருவிக் காய வச்சேன். முனுசாமி கோத்துக் குடுத்ததுல அந்த ஒண்ண மட்டும் பிரிச்சி, அந்த நூலுலயே திரும்பக் கோத்தேன். எனக்குக் கோக்க வரல. ரெண்டு நாளாச்சி."

இந்திராணி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தறிக்கு மேலே இருட்டு, நூலாம்படை. அவள் அண்ணாந்து அங்கே பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், கண் எப்போதும் கீழே புடவையிலேயே இருந்துவிட்டது. கையால் அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெள்ளை நூல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஓரிடத்தில் நிறம் மாறியது. தூசிக்கு அடியில் வெளுத்த நீலம். முடிச்சுகள் பெரிது பெரிதாக, கோணல்மாணலாக இருந்தன. கைபழகாத ஆள் போட்டவை.

ஸ்டூலிலிருந்து அவள் இறங்கவில்லை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மொத புடவைலயே பாத்துட்டேன்" என்றார் குமாரவேல். "வால் மொதல்ல வரப்பவே தெரிஞ்சிடுச்சி. நிறுத்திட்டுப் பிரிக்கலாம்னு எழுந்தேன். கை வரல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் ஒவ்வொரு தபாவும் அத உள்ள தள்ளி மடிச்சியே. இவளுக்கு அதப் பாக்கவே புடிக்கலபோல, பாத்தா அழுவா, எதுக்குப் பேசணும்னு உட்டுட்டேன்."

"உங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு மடிச்சேன்" என்றாள் இந்திராணி. "திருத்திடுவீங்கன்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டுத் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை புடவைகள்! ஒவ்வொன்றையும் அவர் தெரிந்தே நெய்திருக்கிறார், அவள் தெரிந்தே மடித்திருக்கிறாள். கூப்பிடு தூரத்தில் மகள் உயிரோடு இருந்த வருஷங்கள் அவை. அவளைப் போய்ப் பார்த்திருக்கலாம். நடுவில் நின்றது இந்தப் புடவை மடிப்பு மட்டும்தான் என்று இந்திராணிக்குத் தோன்றியது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிப் போய்க் கூட்டிவந்திருப்பேனே என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த ஒரு வார்த்தையைத் தானும் சொல்லவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. மெல்ல இறங்கி, அவர் பக்கத்தில் தறிக்குழி விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.

தறியில் பாதி முடிந்த புடவை. கரையில் அன்னங்கள் அவர்கள் முழங்காலுக்கு எதிரே வரிசையாக நின்றன. இன்னும் திரும்பி நிற்பது வரவில்லை, அதற்கு இன்னும் கொஞ்சம் நெய்ய வேண்டும்.

"நாளான்னிக்கு கிருத்திகை" என்றார் குமாரவேல்.

"ஆமா."

"கோட்டத்துக்குப் போறியா?"

இந்திராணி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"கோட்டத்துல மெழுகுவத்தி ஏத்த மாட்டாங்க" என்றார் அவர், மெதுவாக. "மெழுகு உம்பொடவைல ஒட்டிக்கினு வரும். நீ தூங்கப் போனப்பறம் பேப்பர் வச்சித் தேச்சி எடுத்து வப்பேன். பட்டு பாழாயிடும்னு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ குடுக்கற விபூதி கோட்டத்துதில்லன்னும் தெரியும். வச்சிக்குவேன். அங்க போய் வந்த கை குடுக்குதேன்னு."

பிறகு எழுந்தார். வாசல்படிக்கு நடந்து போய், அவள் கிளம்புகிற நாட்களில் வந்து நிற்கும் அதே இடத்தில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவைப் பார்த்தார். குடையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்றுதான் இந்திராணி நினைத்தாள்.

"எனக்கு அந்த எடம் தெரியாது இந்திராணி" என்றார். "என்னையும் கூட்டிக்கினு போ."